குடியை விட்ட பிறகு பொழுதை ரசிப்பது எப்படி: எதை முதலில், எதைக் கடைசியில்

குடியை நிறுத்தியவர்கள் இரண்டாம் வாரம் வாக்கில் கேட்பது ஒரே கேள்விதான். "சாயங்காலம் ஆறு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் நான் என்னதான் பண்றது?" மாத்திரை பற்றி டாக்டர் சொல்லிவிடுகிறார், சாப்பாட்டைப் பற்றி வீட்டில் சொல்கிறார்கள், இந்த நாலு மணி நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "டிவி பாரு, கோயிலுக்குப் போ" என்பார்கள். டிவியைப் போட்டால் மேட்ச் ஓடும், மேட்ச் ஓடினால் கை தானாகக் கிளாஸைத் தேடும்.

நானும் குடித்து நிறுத்தியவன்தான். அதன் பிறகு சேலத்தில் புதிதாக நிறுத்திய பலரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், கூட நடந்திருக்கிறேன். பொழுதுபோக்கு ஒன்றும் கிடைக்காமல் திரும்பக் குடித்தவர்கள் குறைவு. எதை முதலில் தொடுவது, எதைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பது என்று தெரியாமல் குடித்தவர்கள்தான் அதிகம். நிறுத்திய முதல் ஞாயிறே பழைய செட்டோடு ஏற்காடு கிளம்பிவிடுவார்கள், "சும்மா கூடத்தானே போறேன்" என்று. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. படிகளைத் தாண்டிக் குதிக்காமல் போங்கள்.

1. முதலில் டாக்டர்

தினமும் குடித்தவர், குறிப்பாகக் காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டுப் பழகியவர், வீட்டில் உட்கார்ந்து தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கலாம். முதல் 2 நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2, 3 நாள் கழித்து இல்லாத ஆட்கள் தெரிவதும், இடம் பொழுது தெரியாமல் பேசுவதும் சிலருக்கு வரும். அது உயிரையே எடுக்கக்கூடிய நிலை. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது உடம்பு சமாச்சாரம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், இல்லை உங்களுக்குத் தெரிந்த மனநல டாக்டரிடம் போகலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கும் இன்னொரு எண் 14446.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் தொடாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. தெரியாமல் அதை உள்ளே வைத்துக்கொண்டு குடித்தால் இதயம் வரை பாதிக்கும். தெரிந்தே சாப்பிடுகிறவர்களும் ஆல்கஹால் கலந்த இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

2. நோட்டு எடுத்துப் பட்டியல் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். போன ஒரு வருஷத்தில் நீங்கள் சந்தோஷத்துக்காகச் செய்தது எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். கிரிக்கெட், செகண்ட் ஷோ சினிமா, தூண்டில் போடுவது, சீட்டாட்டம், ஞாயிற்றுக்கிழமை மட்டன், இரவு மொட்டை மாடியில் பாட்டுக் கேட்பது, நைட் ரைடு, ஆடித் திருவிழா. சின்ன விஷயங்களையும் விடாதீர்கள். சம்பளம் ஏறிய மெசேஜ் வந்த நாள், வண்டி சர்வீஸ் விட்டுவிட்டுக் காத்திருந்த நேரம் எல்லாம் இதில் சேரும், ஏனென்றால் அப்போதெல்லாம் கால் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குடி எப்போது வந்தது என்று எழுதுங்கள். முன்னாலா, நடுவிலா, பின்னாலா, இல்லவே இல்லையா. குடி இல்லாதவற்றுக்கு 1, முடிந்த பிறகு மட்டும் குடித்தவற்றுக்கு 2, குடிக்காமல் ஒரு தடவைகூடச் செய்யாதவற்றுக்கு 3. இந்த எண்தான் நீங்கள் போக வேண்டிய வரிசை.

மூளை ஒரு இடத்தையும் ஒரு நேரத்தையும் ஒரு வாசனையையும் போதையோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறது. நீங்கள் மறந்தாலும் அது மறக்காது, அந்த இடத்துக்குப் போனதும் உடம்பு தயாராகிவிடும். 3 போட்டதில் முதல் வாரமே கை வைத்தால், ஆசையோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போய்விடும். ரசிக்க நேரம் ஏது?

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, மனசிலேயே பட்டியல் போடுவது. மனசில் போட்டால் 3 எல்லாம் 2 ஆகிவிடும். இன்னொன்று, "கிட்டார் கத்துக்கப் போறேன், மாரத்தான் ஓடப் போறேன்" என்று புதுசாகவே எழுதிக்கொண்டு போவது. புதியது வரட்டும், தப்பில்லை. ஆனால் பழையதை எல்லாம் குடிக்கே தாரை வார்த்துவிட்டுப் புதியதை மட்டும் பிடித்தவர்கள், கிட்டார் சலித்த அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

3. வீடு, வழி, காசு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஒரு சாயங்கால வேலைதான். வீட்டில் மிச்சம் இருப்பதை வேறு யாராவது கொட்டட்டும், நீங்கள் கொட்ட வேண்டாம். அதற்கென்று இருந்த கிளாஸ், பைக் பெட்டியில் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளர், ஐஸ் டிரே எல்லாம் போகட்டும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பாதையை மாற்றுங்கள். ஐந்து ரோடு பக்கமிருந்து அஸ்தம்பட்டி வர உங்களுக்கு நாலு வழி தெரியும், கடை இல்லாத வழி எது என்றும் தெரியும். சுற்றானாலும் அதில் வாருங்கள். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவதால் சிக்கல் பெரும்பாலும் வீடு திரும்பும் வழியில்தான்.

தினமும் கடையில் கொடுத்த காசைக் கணக்குப் போட்டு, அதே தொகையை அன்றன்றைக்கே தனிக் கணக்குக்கோ உண்டியலுக்கோ மாற்றிவிடுங்கள். சேமிப்பு இருக்கட்டும், கையில் காசு சும்மா கிடக்கக் கூடாது என்பதுதான் முதல் காரணம். பின்னால் பொழுதுபோக்குச் செலவுக்கு வீட்டில் கை நீட்டாமல் இந்தப் பணத்தையே எடுக்கலாம். இந்த வயதில் வீட்டில் காசு கேட்டு வாங்கிச் சினிமா போவதில் என்ன ரசிப்பு இருக்கப்போகிறது, சொல்லுங்கள்.

4. ஆறு மணிக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும்

பொழுதுபோக்கில் சாப்பாடு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஆசை என்று நினைப்பதில் பாதி பசிதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஆறு மணிக்கு வயிறு கிள்ளும், இத்தனை வருஷமாக அந்தக் கிள்ளலுக்குக் கொடுத்த பதில் ஒன்றுதான், உடம்பு அதையே கேட்கும். அதனால் ஐந்தரைக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். இட்லியோ, வாழைப்பழமோ, நம்ம ஊர் தட்டுவடை செட்டோ.

தட்டுவடை செட்டை வேண்டுமென்றே சொல்கிறேன். அதை யாரும் சரக்குக்குத் தொட்டுக்கொள்வதில்லை, தெருவில் நின்று பீட்ரூட் துருவல் சட்டையில் விழாமல் பார்த்துச் சாப்பிடுகிற சமாச்சாரம். ஆனால் மசாலாக் கடலை, ஆம்லெட், ஆஃப்பாயில், மிளகுத்தூள் தூவிய சிக்கன், இவை எல்லாம் பலருக்கு சைடு டிஷ். முதல் சில மாதம் இவற்றைச் சாயங்காலத்தில் தவிர்த்துவிட்டுக் காலையிலோ மதியச் சோற்றோடோ சாப்பிடுங்கள். ஆம்லெட்டைச் சோற்றுத் தட்டில் வைத்துப் பழகினால் கொஞ்ச நாளில் அது வெறும் ஆம்லெட் ஆகிவிடும். சோடாவும் அப்படித்தான். கலந்து குடித்தவர்களுக்கு வெறும் சோடாவின் சுர்ர்ரே போதும், ஞாபகம் வந்துவிடும். அவர்கள் மோர், எலுமிச்சைச் சாறு பக்கம் போகலாம்.

இனிப்பு மேல் ஆசை வரும். முதல் சில வாரம் விடுங்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள் ஜிலேபி சாப்பிட்டால் சாப்பிடட்டும். காபியை மட்டும் நாலு மணியோடு நிறுத்துங்கள். குடி நின்ற பிறகு தூக்கம் சில வாரம் அரைகுறையாகத்தான் வரும், அதில் ராத்திரிக் காபியும் சேர்ந்தால் அடுத்த படி நடக்காது.

5. காலையில் தொடங்குங்கள்

எல்லோரும் சாயங்காலத்தை நிரப்புவதில்தான் குறியாக இருக்கிறார்கள். அங்கே ஆரம்பிக்காதீர்கள். முதல் பொழுதுபோக்கு காலையில் இருக்கட்டும். மதியம் வரை கடை கிடையாது, காலை நேரத்தோடு பலருக்குப் பழைய ஞாபகமும் ஒட்டியிருக்காது. காலை என்பதே தலைவலியாக இருந்தவருக்கு, தெளிந்த தலையோடு ஆறு மணிக்கு வெளியே நிற்பதே புது அனுபவம். அப்புறம் ஒரு நன்மை, காலை ஐந்தரைக்கு எழ வேண்டும் என்றால் இரவு பத்துக்குக் கண் சொக்கும்.

கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய்ப் பாருங்கள். ஏரிக்குள் மண்திட்டுகள் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், அதில் நீர்க்காகமும் கொக்கும் வந்து உட்காரும். பறவை பெயர் எதுவும் தெரிய வேண்டியதில்லை. எத்தனை விதம் இருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதினால் போதும், பெயர் தானாகப் பின்னால் வரும். அது ஒத்துவராதென்றால் குரும்பப்பட்டி பக்கம் மலையடிவாரத்தில் நடங்கள். இல்லையா, உழவர் சந்தைக்குப் போய் அன்றைக்கு எந்தக் கீரை வந்திருக்கிறது என்று பார்த்து வாங்கி வாருங்கள். சந்தை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலு பேர் நடமாடும் இடம், யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, கையில் பையோடு திரும்புவதால் வீட்டில் முகமும் கொஞ்சம் மலரும்.

தவறு எங்கே நடக்கிறது? "வாரம் ஏழு நாள், தினம் ஒரு மணி நேரம்" என்று முதல் நாளே சபதம் எடுப்பதில். மூன்றாம் நாள் மழை பெய்யும், நாலாம் நாள் எழ முடியாது, ஐந்தாம் நாள் "நமக்கெல்லாம் எதுவும் ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். அதற்கு மேல் முடிந்தால் நடங்கள், ஆனால் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

6. சாயங்காலம் இரண்டு கைக்கும் வேலை

காலை ஓரளவு பிடிபட்ட பிறகு சாயங்காலத்துக்கு வாருங்கள். இங்கே ஒரே விதி, முதல் சில மாதம் இரண்டு கையும் வேலை செய்யும் பொழுதுபோக்கு மட்டும். டிவியும் போனும் கண்ணுக்குத்தான் தீனி போடும். கையும் வாயும் சும்மா இருக்கும், சும்மா இருக்கும் கைதான் பழையதைத் தேடும். போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர் எழுந்து நேராகக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது சமையல். ஆறு மணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் எட்டு மணி ஆவதே தெரியாது, வாசனை இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, கவனம் சிதறினால் தீய்ந்துவிடும், கடைசியில் சாப்பிட ஒன்று கிடைக்கிறது, வீட்டில் இன்னொருத்தருக்கு ஒரு வேளை ஓய்வும் கிடைக்கிறது. பிரியாணியில் ஆரம்பிக்காதீர்கள். ரசத்தில் ஆரம்பியுங்கள், அது கெட்டால் நஷ்டம் குறைவு. சப்பாத்தி தேய்ப்பதும் நல்ல வேலை, கோபமாக இருக்கும் நாளில் இன்னும் நல்ல வேலை.

சமையல் ஒத்துவராதவர்களுக்கு மாடித் தோட்டம் இருக்கிறது. கொத்தமல்லி, வெந்தயக்கீரை என்று சீக்கிரம் முளைப்பதைப் போடுங்கள், வெந்தயம் ஒரு வாரத்துக்குள் தலை தூக்கிவிடும். மா, கொய்யா எல்லாம் பிறகு. பழைய சைக்கிளைக் கழற்றித் துடைத்து மாட்டுவது, பிள்ளைகளோடு கேரம், பூத்தொடுப்பது, அம்மாபேட்டைப் பக்கம் தறிக் குடும்பத்தில் பிறந்தவராக இருந்தால் மறந்துபோன தறி வேலை, எதுவானாலும் சரி. எடுக்கும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் முடிவைத் தர வேண்டும். ஆரம்பத்தில் பொறுமை குறைவாகத்தான் இருக்கும், முடிவு தெரியாத வேலையைப் பாதியில் போட்டுவிடுவீர்கள்.

பொருள் வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நிறுத்திய மாதத்திலேயே தவணையில் கியர் சைக்கிள், கேமரா என்று வாங்கி வைத்தவர்கள் வீட்டில் அது மூலையில் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி, அந்த உணர்ச்சிக்குப் பழைய மருந்து என்ன என்று தெரியும்தானே. இரவல் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள். மூன்று மாதம் தாண்டியும் கை அதைத் தேடினால் உண்டியலை உடைக்கலாம்.

சிகரெட் பிடிக்கிறவர்கள் கவனியுங்கள், சிகரெட்டும் குடியும் ஒன்றையொன்று கூப்பிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சாயங்கால டீக்கடை சிகரெட்டை மட்டும் முதலில் வெட்டுங்கள்.

7. எதுவுமே பிடிக்காத வாரங்கள்

இது வரும். பலருக்கு முதல் மாதத்தில் ஒரு உற்சாகம் இருக்கும், அது இறங்கியதும் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். நடந்தால் போர், சமைத்தால் போர், பிள்ளை சிரித்தால்கூட எங்கோ தூரத்தில் சிரிப்பது போல இருக்கும். "குடிக்காம வாழ்றது இவ்ளோதானா?" என்ற எண்ணம் வருவது இந்த இடத்தில்தான், நிறையப் பேர் திரும்பிப் போவதும் இந்த இடத்தில்தான்.

வருஷக்கணக்காக வெளியிலிருந்து வந்த பெரிய போதைக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டது. காரம் போட்டுப் போட்டு மரத்துப்போன நாக்கில் பருப்புச் சோறு ருசிக்காதே, அந்த நிலைமைதான். மூளை பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகலாம், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். இந்த நேரத்தில் ஒரு பொழுதுபோக்கைப் பார்த்து "இது எனக்குப் பிடிக்குதா, பிடிக்கலையா" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

பதிலாக நோட்டில் இரண்டு எண் எழுதுங்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன் மனசு பத்துக்கு எத்தனை, முடித்த பிறகு எத்தனை. முன்னால் 2, பின்னால் 3 என்று இருந்தால் அது நல்ல வேலை, தொடருங்கள். "மூடு வந்தா செய்யலாம்" என்று காத்திருந்தால் இந்த வாரங்களில் மூடு வரவே வராது. செய்த பிறகுதான் வரும், அதுவும் கொஞ்சமாகத்தான் வரும்.

திடீரென்று ஆசை கிளம்பினால் மணி பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அந்த அரை மணிக்கென்று ஒரு வேலையை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள், குளிப்பது, பாத்திரம் கழுவுவது, ஒருத்தருக்குப் போன் போடுவது என்று ஏதோ ஒன்று. அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் யோசனை ஒரே பக்கம்தான் போகும்.

வீட்டில் இருப்பவர்கள் இந்தச் சமயத்தில் பக்கத்தில் வந்து மோந்து பார்க்காமல் இருந்தாலே பெரிய உதவி. வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, எழவே முடியவில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் அதைச் சலிப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், இல்லை 14416 எண்ணில் பேசுங்கள். குடி மூடி வைத்திருந்த மனச்சோர்வு வெளியே வந்திருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

8. 2 போட்டவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுங்கள்

இப்போது பழைய பட்டியலுக்கு வரலாம். ஒவ்வொரு பொழுதுபோக்கிலும் நேரம், இடம், ஆள் என்று மூன்று இருக்கிறது. திரும்ப எடுக்கும்போது இதில் இரண்டையாவது மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் சேர்ந்து இழுத்துவிடும்.

சினிமா என்றால் செகண்ட் ஷோ வேண்டாம், காலைக் காட்சிக்குப் போங்கள், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு. படம் முடிந்து வெளியே வந்தால் நல்ல வெயில், நேராகச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். முழுப் படமும் ஞாபகத்தில் இருக்கிறது என்று சொல்லி ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு!

கிரிக்கெட் கொஞ்சம் கஷ்டம். ஐபிஎல் ஏழரை மணிக்கு ஆரம்பிக்கிறது, அதாவது ஆபத்தான நேரத்தின் நட்டநடுவில். முதல் சீசனை வீட்டில் பிள்ளைகளோடு, கையில் ஏதாவது வேலையோடு, முதல் இன்னிங்ஸ் மட்டும் பாருங்கள். மீதியைக் காலையில் ஹைலைட்ஸ். "ரிசல்ட் தெரிஞ்சுட்டா என்ன சுவாரஸ்யம்" என்பீர்கள். போன வருஷம் பார்த்த மேட்ச்சில் எத்தனை ரிசல்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? அதைவிட நல்லது, ஞாயிற்றுக்கிழமை காலை கிரவுண்டில் போய் ஆடுவது.

தூண்டில் போடுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே நேர்மையாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மீனுக்குப் போனோமா, கரையில் உட்கார்ந்து குடிக்கப் போனோமா? மீன்தான் என்றால் விடிகாலையில், குடிக்காத ஒருத்தரோடு, வேறு ஏரிக்குப் போங்கள். பதில் வேறு என்றால் அதற்கு 3 போட்டுத் தள்ளி வையுங்கள்.

பாட்டு விஷயத்தில் சிலர் ஏமாந்துவிடுகிறார்கள். பாட்டு என்ன செய்யும் என்று நினைப்போம், ஆனால் மொட்டை மாடியில் இரவு பதினொன்றுக்குக் கேட்ட அதே வரிசை ஓடினால் நாக்கில் ருசியே வந்துவிடும். அந்தப் பழைய பட்டியலை அழித்துவிட்டு, காலையில் நடக்கும்போதும் சமைக்கும்போதும் கேட்க வேறு பட்டியல் சேருங்கள். பழைய பாட்டுகள் எங்கும் ஓடிப் போகாது.

9. கல்யாணம், காதுகுத்து, கிடா விருந்து

இவற்றை ஒரேயடியாகத் தவிர்க்க முடியாது, தவிர்த்தால் ஊரில் மனுஷனாக இருக்க முடியாது. போகத்தான் வேண்டும், போகும் முறையை மாற்றுங்கள். முகூர்த்தத்துக்குப் போங்கள், முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வேண்டாம். சொந்த வண்டியில் அல்லது பஸ்ஸில் போங்கள், ஏனென்றால் இன்னொருத்தர் காரில் போனால் அவர் கிளம்பும்போதுதான் நீங்களும் கிளம்ப முடியும், அவர் எங்கே நின்றுவிட்டுக் கிளம்புவார் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள். வயிறு நிறைந்தவனை யாரும் மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிடுவதில்லை.

கிடா விருந்தில் பந்தி பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கையில் குழம்பு வாளியோடு நிற்பவரிடம் யார் கிளாஸ் நீட்டுவார்கள்?

"ஏன் மாப்ள, ஒண்ணும் தொடறதில்லையாமே?" என்று கேட்பார்கள். நீளமாக விளக்கம் சொல்லாதீர்கள், விளக்கம் சொன்னால் எதிர்வாதம் வரும். "விட்டுட்டேன் மாமா. குழம்பு எப்படி இருக்கு?" அவ்வளவுதான். "மாத்திரை சாப்பிடறேன்" என்று சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம், ஆனால் அடுத்த விசேஷத்தில் "மாத்திரை முடிஞ்சிருச்சா?" என்று வருவார்கள். மூன்றாவது தடவை வற்புறுத்தும் ஆளிடம் பதிலே வேண்டாம், செருப்பைப் போட்டுக் கிளம்புங்கள்.

கையில் எப்போதும் ஒரு கிளாஸ் இருக்கட்டும், பவண்டோவோ மோரோ. நீங்களே திறந்த பாட்டிலாக இருக்கட்டும், கீழே வைத்துவிட்டுப் போன கிளாஸைத் திரும்ப எடுக்காதீர்கள். விளையாட்டுக்குக் கலந்துவிடும் ஆட்கள் எல்லாச் சொந்தத்திலும் உண்டு. ஆல்கஹால் இல்லாத பீர் என்று விற்கிறார்களே, அது வேண்டாம். சிலவற்றில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், அது இல்லாவிட்டாலும் அந்த ருசியும் நுரையும் பழைய ஞாபகத்தைத் தட்டி எழுப்ப வேறென்ன வேண்டும்?

10. ஏற்காடு கடைசியில்

சேலத்துக்காரர்கள் பலருடைய பட்டியலில் பெரிய 3 இதுதான். அடிவாரத்தில் வாங்கி வண்டியில் வைப்பது, வளைவில் நிறுத்துவது, பனி, ரூம், நெருப்பு என்று தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கயிற்றில் கட்டியது. அதனால் மற்ற படிகள் பழகி, ஒரு கல்யாணமோ திருவிழாவோ தாண்டிய பிறகு இதைத் தொடுங்கள். ஆனால் விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் இப்படி ஒரு மலையை வைத்துக்கொண்டு அதைக் குடிகாரர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பானேன்.

நேரம், இடம், ஆள் மூன்றையும் இதில் மாற்ற வேண்டும். வார நாளில் போங்கள், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் வேண்டாம். பைக் வேண்டாம், காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். பஸ் 20 கொண்டை ஊசி வளைவிலும் உங்களுக்காக எங்கும் நிற்காது, அதுதான் வசதி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கீழே மூங்கிலும் மேலே சில்வர் ஓக்கும் எந்த வளைவில் மாறுகிறது என்று பார்க்கலாம். ரூம் போடாதீர்கள், மதியத்துக்கு மேல் இறங்கிவிடும் திட்டத்தோடு போங்கள்.

மேலே போய் ஏதாவது ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். காபித் தோட்டப் பக்கச் சாலையில் நடந்து, சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் காபிச் செடி பூக்கும், வெள்ளை வெளேரென்று, மல்லிகையை ஒட்டிய வாசனையோடு. பத்து வருஷமாக ஏற்காடு போய் வந்தும் இந்த வாசனையை அறியாதவர்கள் இருக்கிறார்கள். பகோடா பாயிண்ட்டில் நின்று ஊர்களை எண்ணுங்கள், ஏரியில் படகு ஓட்டுங்கள், சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்கள், வீட்டுக்குக் காபித்தூளும் மிளகும் வாங்குங்கள். லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரியில் சேலத்து விளக்குகளைப் பார்ப்பது அழகுதான், அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

"குளிருக்கு ஒரு பெக்" என்ற பேச்சு அங்கே காற்றோடு வரும். குடித்தால் தோலுக்கு ரத்தம் அதிகம் ஓடுவதால் சூடு ஏறியது போலத் தோன்றும், உண்மையில் உடம்பு உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

11. நடுவில் ஒரு நாள் தவறினால்

"எல்லாம் போச்சு, இனிமே என்ன" என்று தொடர்ந்து குடிப்பதுதான் பெரிய நஷ்டம். அன்றைக்கே ஒருத்தரிடம் சொல்லிவிடுங்கள், டாக்டரிடமோ, வீட்டிலோ, நிறுத்திய இன்னொருவரிடமோ. மறைத்து வைத்தால் அதைத் தாங்க இன்னொரு குவார்ட்டர் தேவைப்படும். நாள் கணக்காகத் தொடர்ந்து குடித்துவிட்டால் மட்டும் தானாக நிறுத்தாமல் முதல் படிக்கே போய் டாக்டரைப் பாருங்கள்.

தெளிந்த பிறகு நோட்டை எடுத்து, அன்று எந்த நேரம், எந்த இடம், எந்த ஆள், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று எழுதுங்கள். பெரும்பாலும் 3 போட்ட ஒன்றை 2 என்று நினைத்துத் தொட்டிருப்பீர்கள். அதன் எண்ணைத் திருத்துங்கள். மற்ற எதையும் மாற்ற வேண்டாம், வழக்கமான காலை நடையும் ஐந்தரைச் சாப்பாடும் அப்படியே இருக்கட்டும்.